பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம்

லண்டனை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ஊரின் குளிரையோ தேம்ஸ் கரையையோ மனசு தேடுவதில்லை. ஒரு பெரிய மியூசியத்துக்குள் நுழைந்து, ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும் அந்தச் சுதந்திரத்தைத்தான் இன்றுவரை தேடுகிறது.

2017-இல் மேற்படிப்புக்குப் போனேன். மேனர் பார்க்கில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீடு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கினேன். வாடகையும் கல்லூரித் தவணையும் போக, கையில் நிற்பது சொற்பம். எந்த விலையைப் பார்த்தாலும் மனசு அதை ரூபாயாக்கிப் பார்க்கும். பார்த்ததும் கை பின்வாங்கும். சினிமாவுக்குப் போவதற்கே நாலு தரம் யோசித்த அந்த வாழ்க்கையில், உலகத்தின் மிகப் பெரிய மியூசியங்கள் மட்டும் காசு கேட்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் என் நேரம். அன்று பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். நேஷனல் கேலரி ஒன்பது வரை, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் பத்து வரை. 25-ஆம் எண் பேருந்து அப்போது இல்ஃபோர்டிலிருந்து மேனர் பார்க் வழியாக ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் வரை ஓடியது. ஒன்றரை பவுண்டு. ட்யூபில் போனால் பாதி நேரம்தான் ஆகும், ஆனால் கட்டணம் அதிகம். பேருந்தின் மாடியில் முன் சீட் கிடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது உறைக்காது. மடியில் ஒரு டப்பா, அதில் புளிசாதம். ஹோல்பர்ன் பக்கம் இறங்கி நடந்தால் கிரேட் ரஸ்ஸல் தெருவில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பெரிய தூண்கள் தெரியும். உள்ளே நன்கொடைப் பெட்டி உண்டு. ஐந்து பவுண்டு போட்டால் நல்லது என்று எழுதியிருக்கும். போட்டோமா இல்லையா என்று யாரும் கவனிப்பதில்லை. சில்லறை இருந்த நாளில் போட்டேன், இல்லாத நாளிலும் அதே நடையில்தான் உள்ளே போனேன்.

இந்த இலவசம் தானாக வந்ததல்ல. பிரிட்டிஷ் மியூசியம் 1753-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி 1759-இல் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லைதான், ஆனால் தொடக்க காலத்தில் எழுதி விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கூலிக்காரன் எங்கே போய் எழுதுவான்? 1974-இல் சில மாதம் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள்; ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விக்டோரியா ஆல்பர்ட், இயற்கை வரலாற்று மியூசியம், அறிவியல் மியூசியம் எல்லாம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தன. அதிலிருந்து மீள விடாமல் வரி ஒரு சிக்கலாக நின்றது. கட்டணம் வாங்கும் மியூசியம் தான் கட்டிய மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம், இலவசமாக விட்டால் பெற முடியாது. கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். 2001-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த டிசம்பர் 1 முதல் தேசிய மியூசியங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் எல்லோருக்கும் இலவசமாயின. வரிச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம் என் வெள்ளிக்கிழமைகளைத் தந்தது என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சில் நன்றி சுரக்கிறது.

இலவசம் என்றால் காசு மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பார்க்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. மாமா பையன் லண்டன் வந்தபோது லண்டன் டவர் கோட்டைக்கு டிக்கெட் எடுத்தோம். தலைக்கு இருபது பவுண்டுக்கு மேல். கொடுத்த காசுக்கு ஒரு மூலையையும் விடக்கூடாது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்தோம். கால் வலித்தது நினைவிருக்கிறது. பார்த்ததில் பாதி நினைவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தக் கணக்கு கிடையாது. இன்று ஒன்று பார்ப்போம், அடுத்த வாரம் இன்னொன்று. பிடிக்கவில்லையா, டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஒன்று போதும் என்பதற்கு நேஷனல் கேலரியில் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓவியங்களை எல்லாம் வேல்ஸில் மானட் என்ற மலையின் ஸ்லேட் கல் சுரங்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவர்கள் வெறுமையாக நின்றன. ஜனங்கள் கேட்டுக்கொண்டதால் 1942 முதல் மாதத்துக்கு ஒரு ஓவியத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து எடுத்துவந்து மாட்டினார்கள். ஜனங்கள் இடிபாடுகளைத் தாண்டி நடந்து வந்து, அந்த ஒரு படத்தின் முன் நின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். டிராஃபல்கர் சதுக்கத்தில் அந்தக் கேலரியின் படிகளில் ஏறும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வாய்த்த அந்த ஒன்று, நம் பக்கத்துக் கல். பிரிட்டிஷ் மியூசியத்தின் 33-ஆம் அறையை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குள் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. பழுதுபார்ப்பு முடிந்து, நான் அங்கே இருந்த 2017 கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். கிருஷ்ணை நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக் கற்கள். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பினார். வருஷக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டு 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. அதில் இரண்டு பக்கமும் செதுக்கிய பலகை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் போதி மரம், அதன் கீழ் ஆளில்லாத ஆசனம், பாதச் சுவடுகள், சுற்றிலும் கும்பிடும் ஜனங்கள். புத்தர் அங்கே இல்லை. அவர் இருந்த இடம் மட்டும் இருக்கிறது. சில நூற்றாண்டு கழித்து வந்த சிற்பி அதே கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஸ்தூபியையே செதுக்கினான், வாசலில் சிங்கங்களோடு. பழைய கல்லை வீணாக்காத அந்தச் சிக்கனம் எனக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஒரு வாரம் மரத்தை மட்டும் பார்த்தேன். இன்னொரு வாரம் கும்பிடும் கைகளை மட்டும்.

நம் மண்ணிலிருந்து போன கல்லை நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு காட்டாமல் இருப்பது குறைந்தபட்ச நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்த மியூசியத்தில் இடைக்கால இயக்குநராக இருந்த மார்க் ஜோன்ஸ், வெளிநாட்டவரிடம் 20 பவுண்டு வாங்கலாம் என்று 2024-இல் சொன்ன செய்தியைப் படித்த அன்று மனசு கலங்கிப்போனது. மளிகைக் கடைச் சம்பளத்தில் வாழும் ஒரு பையனுக்கு, ஊரிலிருந்து வந்த கல்லின் முன் நிற்கும் பத்து நிமிடம் இனி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

அமராவதியின் மற்றொரு பங்கு இங்கே, நான் இப்போது இருக்கும் சென்னையின் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே ஸ்தூபியின் கற்கள் இரண்டு ஊரில். எழும்பூர் மியூசியம் 1851-இல் தொடங்கிய இடம். நுழைவுக் கட்டணமும் நம்மவர்களுக்கு ஒன்றும் பாரமல்ல. என் அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வெண்கலக் கூடத்தையும் பார்க்க வேண்டும், அவளுக்கு டைனோசரும் வேண்டும். கல்லின் முன் நின்றால் "போதும்ப்பா, வாங்க" என்று கையை இழுக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. இது குடும்பத்தோடு போகும் நாள், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டிய நாள்.

எழும்பூர் மியூசியம் வாரத்தில் ஒரு நாளாவது எட்டு மணி வரை திறந்திருக்காதா என்று ஆசைப்படுகிறேன். பாந்தியன் சாலையில் அந்நேரம் எத்தனை பேர் வேலை முடிந்து நடக்கிறார்கள்! கடைச் சிப்பந்திகள், கோச்சிங் வகுப்பு முடித்த பிள்ளைகள், ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று ஸ்டேஷன் வாசலில் நிற்பவர்கள். அவர்களில் ஒருவனாகத் தோளில் ஆபீஸ் பையோடு நானும் உள்ளே போவேன்.