நடன ராணி டாக்லியோனி

மேரி டாக்லியோனியின் பழைய சித்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம் உண்டாகிறது. மலரின் மேல் கால்விரல் நுனியை ஊன்றி நிற்கும் இந்த ஸ்திரீக்கு எலும்பும் சதையும் இருந்தனவா? இருந்தன. அவைதாம் அவளுக்குப் பெரிய இடைஞ்சலும்.

1804-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தாள். தாயார் ஸ்வீடன் தேசத்தவள். தகப்பனார் பிலிப்போ இத்தாலிய நடன ஆசிரியர். பெண்ணுக்குக் கைகள் அளவுக்கு மிஞ்சி நீளம். தோள் சற்றே கூனல். முகத்தில் லாவண்யம் என்று சொல்ல அதிகமில்லை. தகப்பனாரோ விடாக்கண்டர். 1822-ல் வியன்னாவில் அரங்கேறுமுன், ஆறு மாத காலம் தினம் 6 மணி நேரம் சாதகம் செய்வித்தார். ஒரு நிலையில் நின்றால் நூறு எண்ணி முடியும் வரை அசையக் கூடாது! நீண்ட கைகள் கண்ணை உறுத்தாதபடி வளைத்தும் மார்பின் மேல் குறுக்கிட்டும் வைக்கக் கற்பித்தார். குறையை மறைக்க வந்த அந்த உபாயமே பிற்பாடு ஐரோப்பிய நாட்டியத்துக்கு ஒரு லக்ஷணமாகிவிட்டது. கலையுலகில் இப்படியும் நடப்பதுண்டு.

1832 மார்ச் 12-ந் தேதி பாரிஸ் ஆபராவில், தகப்பனார் அமைத்த 'லா ஸில்பீட்' நாட்டிய நாடகம் அரங்கேறியது. கல்யாண தினத்தன்று ஒரு ஸ்காத்லாந்து வாலிபனை, காற்றில் உலவும் தேவகன்னிகை மயக்குகிறாள். அவளைத் தன்னோடு நிறுத்திக் கொள்ள அவன் ஒரு வஸ்திரத்தைப் போர்த்துகிறான். சிறகுகள் உதிர்ந்து அவள் மாள்கிறாள். மங்கிய வாயு விளக்கொளியில், மெல்லிய வெள்ளைப் பாவாடை பனிமூட்டம் போல் சூழ டாக்லியோனி ஆடினாள். விரல் நுனியில் நிற்பது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அது கழைக்கூத்து வித்தை மாதிரி. இவள் அதைப் பாவமாக்கினாள். அது முதல் அந்த வெள்ளைப் பாவாடையே பாலே நாட்டியக்காரிகளின் சின்னமாயிற்று.

அதே வருஷம் அவள் ஒரு பிரெஞ்சுப் பிரபுவை மணந்தாள். சில வருஷங்களில் பிரிவு. பிறகு ருஷ்யா. அங்கே ரஸிகர்கள் அவளுடைய பாதரக்ஷையை விலைக்கு வாங்கிச் சமைத்தே தின்றார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. ரஸிகத்தன்மைக்கும் ஓர் எல்லை வேண்டாமா!

1847-ல் மேடையை விட்டவள், 1858-ல் தன்னுடைய பழைய வேஷத்தில் எம்மா லிவ்ரி என்னும் 16 வயதுப் பெண் ஆடுவதைப் பார்க்கப் பாரிஸ் வந்தாள். பார்த்தவள் அங்கேயே தங்கி அவளுக்குக் குருவானாள். 1860-ல் அவளுக்கென்றே 'வண்ணத்துப் பூச்சி' என்ற நாட்டியத்தை அமைத்தாள். தீவர்த்தியை நாடிப் பறந்து சிறகு கருகுகிறாள் அதன் கதாநாயகி.

மேடை உடைகளைத் தீப்பிடிக்காத மருந்தில் தோய்க்க வேண்டுமென்று 1859-லேயே சர்க்கார் உத்தரவு பிறந்திருந்தது. தோய்த்த துணி விறைத்து, நிறம் மங்கிவிடும். அதை அணிய மறுத்தாள் எம்மா. 1862 நவம்பர் 15-ந் தேதி ஒத்திகையில், பக்கத்திலிருந்த வாயு விளக்கில் அவளுடைய பாவாடை பற்றிக் கொண்டது. எட்டு மாதம் உயிருக்கு மன்றாடினாள். அந்தப் படுக்கையிலும், மருந்து தோய்த்த பாவாடை அவலக்ஷணம் என்றே சொன்னாளாம்! 1863 ஜூலையில் உயிர் பிரிந்தது. அன்று எரிந்த உடையில் மிஞ்சியதைப் பாரிஸ் ஆபராவின் நூல்நிலையக் காட்சிசாலையில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

குரு பிழைத்திருந்தாள். கையிலிருந்த பொருளும் போயிற்று. முதுமையில் லண்டனில் பெரிய வீட்டுப் பெண்களுக்கு நடக்கவும் வணங்கவும் கற்றுக்கொடுத்து ஜீவித்தாள். 1884-ல் மார்ஸேல்ஸ் பட்டணத்தில் காலமானாள்.