டர்ர்ர்... இருங்காட்டுக்கோட்டை!

ஞாயிற்றுக்கிழமையானா மெரினா, மால், இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் தூக்கம். இந்த மூணை விட்டா சென்னையில வேற போக்கிடமே கிடையாதா பாஸ்?

இருக்கு! ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையாப் பார்த்து, பூந்தமல்லி வழியா ஸ்ரீபெரும்புதூர் போற பஸ்ல ஏறி உட்காருங்க. செம்பரம்பாக்கம் தாண்டி, பெங்களூரு ஹைவேயில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுப் போகும் பஸ். கண்டக்டர் 'இருங்காட்டுக்கோட்டை'ன்னு குரல் கொடுத்ததும் குதிச்சுடுங்க. சாரி... பஸ் நின்ன பிறகு இறங்குங்க. இது பாதுகாப்பு பத்தின கட்டுரை!

ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற அதே ஊர்தான். ஒரு பக்கம் கார் பிறக்குது, இன்னொரு பக்கம் பறக்குது. ட்ராக்குக்கு வழி கேட்கக்கூட வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனா காதே வழி சொல்லும். முதல்ல ஒரு கொசு ரீங்காரம். அப்புறம் ஒரு தேனீக் கூட்டம். கேட்டைத் தாண்டி ஸ்டாண்டுல கால் வெச்சா, உங்க நெஞ்சுக்கூடே அதிரும்!

ரன்வேயில் ஓடிய ரேஸ்

'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்பது இப்போதைய பெயர். பழைய ரசிகர்களுக்கு இன்னிக்கும் இது 'எம்.எம்.ஆர்.டி.'தான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப் 1990-ல் திறந்த ட்ராக். ஒரு சுற்று 3.717 கி.மீ. மொத்தம் 12 வளைவுகள். ஒவ்வொண்ணுக்கும் சி1, சி2 என்று நம்பர். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தீங்கன்னா, 'சி1-ல விட்டுட்டான்டா'ன்னு நீங்களும் பரம்பரை ரசிகர் மாதிரி பேச ஆரம்பிச்சுடுவீங்க.

இதுக்கு முன்னாடி ரேஸ் எங்கே நடந்தது தெரியுமா? சோழவரத்துல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. பக்கத்துல உட்கார்ந்திருந்த தொப்பிக்கார அங்கிள் சோழவரத்துலயே ரேஸ் பார்த்தவராம். "அப்பல்லாம் ரன்வேயே ட்ராக் தம்பி. வண்டி போற காத்து மூஞ்சியில அடிக்கும். அவ்ளோ கிட்ட நிப்போம்" என்று பெருமையா ஆரம்பிச்சவர், கொஞ்சம் யோசிச்சு, "இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது" என்றார்.

சோழவரம் மட்டும் இல்லீங்க. அந்தக் காலத்துல உலகத்துல பல ட்ராக்குகளின் நிலைமை அதுதான். வைக்கோல் கட்டுகளை அடுக்கிட்டு 'பாதுகாப்பு'ன்னு சொன்ன காலம் அது. 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் ஜாக்கி ஸ்டீவர்ட்டின் கார் நொறுங்கியது. பெட்ரோலில் நனைஞ்சபடி அவர் உள்ளேயே மாட்டிக்கிட்டார். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பானர் இல்லை! சக போட்டியாளர்கள்தான் ஒரு பார்வையாளரிடம் ஸ்பானர் கடன் வாங்கி அவரை மீட்டாங்க. அதுக்கப்புறம் காருக்குள்ளேயே ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டி வெச்சுக்கிட்டுதான் ரேஸ் ஓட்டினார் மனுஷன். பாதுகாப்பு கேட்டுக் குரல் கொடுத்ததுக்கு, 'பயந்தாங்கொள்ளி'ன்னு அவரைக் கேலி செய்தவங்களும் உண்டு. மூணு தடவை உலக சாம்பியன் ஆனவரை!

ஒரு சமோசா பந்தயம்

நான் போன அன்னிக்கு பைக் ரேஸ். வண்டிகள் கிரிட்ல நிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டுல ஜோசியம் ஆரம்பம். எங்க வரிசையில மட்டும் நாலு கட்சி. 'முதல் இடத்துல நிக்கிறவன்தான் ஜெயிப்பான்' - இது புள்ளிவிவரக் கட்சி. 'டயர் சூடாக ரெண்டு லேப் ஆகும், அதுக்கப்புறம் பாரு' - இது மெக்கானிக்கல் கட்சி. 'மேகம் கறுக்குது, மழை வந்தா எல்லாம் தலைகீழ்' - இது வானிலைக் கட்சி. 'என் ஆளு பச்சை ஹெல்மெட், அவ்ளோதான்' - இது அஜித் ரசிகர் கட்சி மாதிரி, காரணமே கேட்கக் கூடாது! பந்தயத் தொகை: ஆளுக்கு ஒரு சமோசா.

இங்கே நடக்கிறதுல பல ரேஸ்கள் 'ஒன் மேக்' வகை. அதாவது எல்லாருக்கும் ஒரே மாடல் வண்டி. 'என் வண்டி சரியில்ல'ன்னு சாக்கு சொல்ல முடியாது. அதோட, முன்னாடி போற வண்டி காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போக, பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போறவனுக்கு எதிர்காத்து குறையும். இதுதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். பஸ்ஸுக்குப் பின்னாடியே சைக்கிள் மிதிச்ச அனுபவம் இருந்தா உடனே புரியும் (இனிமே மிதிக்காதீங்க!). அதனால கடைசி லேப்ல முதலாவதா வர்றவன் கொஞ்சம் பாவம்தான். பின்னாடி இருக்கிறவன் நிழல் மாதிரி வந்து, கடைசி நேரத்துல வெளியே எட்டிப் பார்த்து, முந்திடுவான்.

ஆனா, எல்லா ஜோசியத்தையும் கவுக்கிற ஒண்ணு இருக்கு. அது பாதுகாப்பு! 2021 டிசம்பர் 12, அபுதாபி. ஃபார்முலா ஒன் பட்டத்துக்கான கடைசி ரேஸ். ஹாமில்டன் வசதியா முன்னாடி போய்க்கிட்டு இருந்தார். 58 லேப்ல 53-வது லேப். லதிஃபியின் கார் சுவர்ல மோத, சேஃப்டி கார் உள்ளே வந்தது. எல்லா இடைவெளியும் சுருங்கிப்போச்சு. கடைசி லேப்ல வெர்ஸ்டாப்பன் புது டயரோட முந்தி, உலக சாம்பியன்! அன்னிக்கு நடைமுறை சரியா, தப்பான்னு ரசிகர்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க. எங்க வரிசையிலயும் அடிச்சுக்கிட்டாங்க.

அந்த ஏழெட்டு விநாடி

மூணாவது லேப். வளைவுல ரெண்டு பைக் லேசா உரச, ஒண்ணு சறுக்கி ட்ராக்கை விட்டு வெளியே போச்சு. ஒரே புழுதி. மஞ்சள் கொடி ஆடுது. மஞ்சள்னா 'முன்னாடி ஆபத்து, முந்தாதே'ன்னு அர்த்தம். சமோசா பந்தயம், நாலு கட்சி, விசில்... எல்லாம் கப்சிப். ஏழெட்டு விநாடி இருக்கும். புழுதிக்குள்ளேர்ந்து ஒரு உருவம் எழுந்து நின்னு, கையைத் தூக்கிக் காட்டுது. அப்போ கிளம்பின கைத்தட்டல் இருக்கே... அன்னிக்கு ஜெயிச்சவனுக்குக்கூட அவ்வளவு விழலை!

கைத்தட்டல் அடங்கினதும் ஆரம்பிச்சது உண்மையான சண்டை.

"சும்மா கொடி காட்டிக் காட்டியே ரேஸைக் கெடுக்கிறாங்க மச்சி. ரிஸ்க் இல்லேன்னா அப்புறம் என்ன ரேஸ்? வீட்ல கேரம் ஆடலாம்" என்றான் ஒருத்தன்.

"ஏனுங்க, ரிஸ்க் எடுக்கறது ஓட்டறவரு. டிக்கெட் வாங்கின நீங்க இல்லீங்க" - இது கோயம்புத்தூர் பையன். நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரராச்சே, சும்மா விடுவாரா? "2005-ல சைனா ரேஸ்ல நரேன் அண்ணா கார் சுக்குநூறாச்சுங்க. அவரு இறங்கி நடந்து வந்தாருங்க. அந்தக் காரை டிசைன் பண்ணுன இன்ஜினீயருக்குத்தானுங்க நாங்க கும்பிடு போடோணும்!"

அடுத்து ஹாலோ. ஃபார்முலா ஒன் காரில் டிரைவரின் தலைக்கு மேலே வளைஞ்சு நிக்கும் டைட்டானியம் கம்பி. 2018-ல் கட்டாயமானபோது 'செருப்பு வார் மாதிரி இருக்கு'ன்னு உலகம் பூரா ரசிகர்கள் கிண்டல். ரோமன் குரோஷானுக்கும் அது பிடிக்கலை. 2020 நவம்பர் 29, பஹ்ரைன். அதே குரோஷானின் கார் முதல் லேப்பிலேயே தடுப்பைத் துளைச்சு, ரெண்டா உடைஞ்சு, தீப்பந்தாச்சு. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் நெருப்புக்குள்ளே இருந்தவர், தானே ஏறி வெளியே வந்தார். தலையைக் காப்பாத்தினது அந்தச் 'செருப்பு வார்'தான். மருத்துவமனைப் படுக்கையிலேர்ந்தே ஹாலோவைப் புகழ்ந்தார்.

கேட்ச் பிடிக்கத் தெரியுமா?

இந்த இடத்துல இன்ஜினீயரிங் மாணவனா ஒரு நிமிஷம் வாயைத் திறக்கிறேன். அரியர் வெச்சிருக்கிறவங்களும் பயப்படாம படிக்கலாம்.

180 கி.மீ. வேகம்னா விநாடிக்கு 50 மீட்டர். நீங்க ஒரு தும்மல் போட்டு முடிக்கிறதுக்குள்ளே ஒரு நீச்சல்குளம் நீளம் கடந்திருப்பீங்க. வேகம் ரெண்டு மடங்கானா இயக்க ஆற்றல் நாலு மடங்கு. அது எங்கேயாவது போயாகணும். எலும்புக்குள்ளே போகாம வேற எங்காவது போக வைக்கிறதுதான் ட்ராக் பாதுகாப்பு. கிரிக்கெட்ல வேகமா வர்ற பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னாடி இழுப்பீங்க இல்லே? நிறுத்தும் நேரம் கூடக் கூட, அடி குறையும். டயர் அடுக்குத் தடுப்பு செய்யறது அதே வேலை. கூழாங்கல் பரப்பு, மெரினா மணல்ல ஓடினா கால் புதையற மாதிரி, சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும்.

இதுலயும் ஒரு சிக்கல். கார் டிரைவரைச் சுத்தி ஒரு கூடு இருக்கு. தடுப்புல மோதினாலும் கூடு தாங்கும். பைக் ஓட்டறவருக்கு ஹெல்மெட்டும் லெதர் சூட்டும்தான் கூடு. அவருக்குத் தடுப்பே எதிரி. விழுந்தா சறுக்கி நிக்க நீண்ட காலி இடம் வேணும். காரும் பைக்கும் மாறி மாறி ஓடும் ட்ராக்குன்னா, ரெண்டு பேருக்கும் ஏத்த மாதிரி யோசிக்கணும்.

சத்தம் போடாமல் படிக்க வேண்டிய பத்தி

இதே ட்ராக்கில், 2023 ஜனவரி 8 அன்று, கார் ரேஸில் மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். வயது 59. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, பைக் ரேஸில் பெங்களூரு சிறுவன் ஸ்ரேயாஸ் ஹரீஷ் இறந்தான். வயது 13. இரண்டு முறையும் மீதி ரேஸ்கள் ரத்து செய்யப்பட்டன.

பதிமூணு வயசு. நம்ம வீட்டுத் தம்பியின் வயசு. ஸ்டாண்டுல இந்தப் பேச்சு வந்தப்போ, 'கேரம் ஆடலாம்'னு சொன்னவன்கூட வாயைத் திறக்கலை. சின்ன வயசுலயே தொடங்கினாத்தான் உலக அளவுல ஜெயிக்க முடியும் என்பதும் உண்மை. எந்த வயசுல, எவ்வளவு வேகமான வண்டியில என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவிலும் 2021-ல் மூணு இளம் வீரர்கள் ஒரே சீசனில் இறந்தாங்க. அதுக்கப்புறம், மோட்டோ3 போட்டிக்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆனது. அங்கேயும் ஒரு விதி மாற மூணு உயிர் போக வேண்டியிருந்தது.

2024-ல் தீவுத்திடலைச் சுத்தி நம்ம சென்னையிலேயே இரவு ரேஸ் நடந்ததே, ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் 31 சாயங்காலம், மழையாலும் எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் வரத் தாமதமானதாலும் தொடக்கம் தள்ளித் தள்ளிப் போச்சு. 'ஒரு பேப்பருக்காக இவ்ளோ நேரமா?'ன்னு அலுத்துக்கிட்டவங்க நிறைய. அந்தப் பேப்பர்ல இருக்கிறது வெறும் கையெழுத்து இல்லை பாஸ். 'ஒருத்தன் விழுந்தா எங்கே போய் நிப்பான்'னு ஒவ்வொரு வளைவிலும் யாரோ நின்னு யோசிச்சதன் சுருக்கம் அது.

யார் ஜெயிப்பான்னு கணிக்கவே முடியக் கூடாது. அதுதான் ரேஸோட த்ரில். ஆனா எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போவாங்களான்னு யாரும் கணிக்கவே தேவைப்படக் கூடாது. த்ரில்லுக்கு முதல் ஜோசியம் போதும். அந்தக் கைத்தட்டலைக் கேட்ட எங்க வரிசைக்கு இது நல்லாவே புரிஞ்சது. நாலு கட்சியும் தோத்து, ஜோசியமே சொல்லாத அங்கிளுக்கு நாலு சமோசாவும் போய்ச் சேர்ந்தது தனிக்கதை!

நீங்க கிளம்பறீங்களா?

ரேஸ் தேதியையும் டிக்கெட் விவரத்தையும் முன்னாடியே பார்த்துக்குங்க. தொப்பி, தண்ணி பாட்டில், காதுக்குப் பஞ்சு அவசியம். செல்ஃபிக்காக வேலிகிட்ட போகாதீங்க. வெயில்ல நிக்கிற மார்ஷல் சொன்னா மறுபேச்சு பேசாதீங்க.

ரேஸ் முடிஞ்சதும் பார்க்கிங் பக்கம் ஒரு பார்வை பாருங்க. ஹாலோவுக்காகத் தொண்டை கிழியப் பேசினவங்கள்ல சிலர் ஒரே பைக்ல மூணு பேரா ஏறுவாங்க. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல உட்கார்ந்திருக்கும். வெளியே காத்திருக்கிறது பெங்களூரு ஹைவே. அங்கே டயர் தடுப்பு கிடையாது. மஞ்சள் கொடி காட்ட மார்ஷல் கிடையாது. கன்டெய்னர் லாரி மட்டும் உண்டு.

ஹெல்மெட்டைத் தலையில மாட்டி, பட்டையைப் போடுங்க பாஸ். அடுத்த ரேஸுக்கு எங்க வரிசையில ஒரு இடம் பிடிச்சு வெக்கிறோம். சமோசா உங்க செலவு!