வழிகாட்டிக்கும் வயதுண்டு

அச்சில் ஏறிய சொல்லுக்கு நம்மவரிடையே தனி மதிப்பு உண்டு. அது ஆங்கிலத்திலும் இருந்துவிட்டால் மதிப்பு இரட்டிக்கும். இம்மதிப்பு சில வேளைகளில் கற்பவரையே வருத்திவிடுகின்றது.

கணினி நிரலில் வழுக்களைத் தேட உதவும் கருவி வழுநீக்கி எனப்படும். நிரல் ஓடும்போது, இல்லாத கோப்பைத் திறக்க முயலுதல், பூச்சியத்தால் வகுத்தல் போன்ற இடர்கள் நேர்வதுண்டு. இவற்றை விதிவிலக்குகள் என்பர். எழுதியவர் அவற்றை ஏற்று விழுங்கிக்கொள்ளும்படி நிரலை அமைத்திருந்தால், வெளியே ஓசை கேளாது; நோய் உள்ளே மறைந்திருக்கும். ஆதலால், விதிவிலக்கு எழுந்த கணத்திலேயே ஓட்டத்தை நிறுத்துமாறு வழுநீக்கியைப் பணிக்க ஒரு வசதி உண்டு.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விசுவல் ஸ்ரூடியோவில் இவ்வசதி முன்னர் ‘டிபக்’ பட்டியிலே ‘எக்செப்சன்ஸ்’ என்ற பெட்டியாக இருந்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெட்டி போய், ‘எக்செப்சன் செற்றிங்ஸ்’ என்ற யன்னல் வந்தது. அது அதே பட்டியில் ‘விண்டோஸ்’ என்னும் உட்பிரிவுக்குள் அமைந்தது.

பல்கலைக்கழகத்தில் பயிலும் எம் மருமகள், பழைய குறிப்பொன்றின் நிழற்பிரதியை வைத்துக்கொண்டு, புதிய பதிப்பில் அப்பெட்டியை இரண்டு இரவுகள் தேடினாள். மறுநாள் செயற்றிட்டத்தை ஒப்படைத்தாக வேண்டும்.

“மாமா, எனக்குத்தான் விளங்கேல்லை. இந்தப் படிப்பு எனக்குச் சரிவராது” என்று கண் கலங்கினாள்.

“இது எந்த ஆண்டுக் குறிப்பு, பிள்ளை?” என்று கேட்டோம்.

தாள்களைப் புரட்டினாள். 2010ஆம் ஆண்டுப் பதிப்புக்கென எழுதப்பட்டிருந்தது. பட்டி மாறினும் கண்ட்ரோல், ஓல்ற், ஈ என்னும் மூன்று விசைகள் மாறவில்லை. அவற்றை ஒருங்கே அழுத்தச் சொன்னோம், யன்னல் திறந்தது. உரிய இடத்தில் அடையாளமிட்டு நிரலை ஓட்டியதும், கோப்பின் பாதை பிழையாக எழுதப்பட்ட வரியிலே அது நின்றது.

அவள் மகிழ்ந்தாள், எம் மனமோ அவ்விரு இரவுகளையே எண்ணிற்று. தன் அறிவை ஐயுற்ற பிள்ளை, அந்தத் தாளை ஒரு கணமேனும் ஐயுறவில்லையே! பிழையான நிரல் ஓடும்போது அகப்பட்டுவிடும். காலங்கடந்த குறிப்போ ஓடுவதில்லை, ஆதலால் அகப்படுவதுமில்லை. எழுதியவர் திருத்தாவிடின், பிழையென்று தோன்றாமலே அது கைக்குக் கை மாறிச் செல்லும்.

மாணவச் செல்வங்களே, கையேட்டைத் திறந்ததும் முதலில் ஆண்டைப் பாருங்கள். நூல் ஒன்று சொல்ல, கண் வேறொன்று காணுமாயின், உங்களை நொந்துகொள்ளுமுன் நூலின் வயதைக் கேளுங்கள்.