சுவரில் ஒட்டிய காகிதம்

நீங்கள் ஆபீசுக்குப் போகிற பெண்மணியானால், உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கும். என் தாயாரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்காக நான் எழுதி ஒட்டியது. 'காலை 8 மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கவும். பாட்டி தூங்கினால் எழுப்பவே கூடாது. வாசல் மணி அடித்தால் உடனே போய்ப் பார்க்கவும்...' மொத்தம் 11 உத்தரவுகள். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை பிறந்தது, போங்கள்!

ஒரு நாள் மாலை வீடு திரும்பினால், அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் 190. காலையில் 8 மணிக்கு அம்மா நல்ல தூக்கமாம். அந்தப் பெண் எழுப்பவில்லை. எழுந்தபோது மணி பத்தரை. 8 மணி தாண்டிவிட்டதே என்று மாத்திரையும் கொடுக்கவில்லை. நான் கத்தின கத்தலில் அவள் அழுதுகொண்டே காகிதத்தைக் காட்டினாள். அதில் கண்டபடியேதான் செய்திருந்தாள்!

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் என் மகள், "இதே தலைவலிதாம்மா எங்களுக்கும்" என்றாள்.

லிப்ட், சலவை யந்திரம், விமானம் இவையெல்லாம் ஒரு கணக்கைப் போட்டு விடை சொல்லிவிட்டு ஓய்கிறவை அல்லவாம். யார் எப்போது எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதற்குத் தக்கபடி நடக்கவேண்டியவை. இஸ்ரேலில் வைஸ்மான் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹாரெல் 1980-களின் ஆரம்பத்தில் ஒரு போர் விமானத் திட்டத்துக்கு யோசனை சொல்லப் போனார். அங்கே தடித்தடியாக விவரப் புத்தகங்கள். ஆனால், 'இந்த நிலைமையில் இந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும்?' என்றால் சட்டென்று பதில் வரவில்லை!

பிற்பாடு அவரும் கூட்டாளிகளும் ஒரு வழி கண்டார்கள். நாம் வீட்டில் சொல்வதைப்போல யந்திரத்துக்கும் சின்னச் சின்னக் காட்சிகளாகவே சொல்லிவிடுவது. 'இது நடந்தால் அதைச் செய்'. 'இது முடியும்வரை அது கூடாது'. யந்திரம் ஒவ்வொரு அடியிலும் எல்லாக் காட்சிகளையும் விசாரிக்கும். ஒன்றாவது கேட்டு, எதுவும் தடுக்காத காரியம் நடக்கும்.

அசாப் மாரன், கெரா வைஸ் இருவருடன் ஹாரெல் 2012-ல் எழுதிய கட்டுரையில், நமக்குப் புரிகிற உதாரணமே இருக்கிறது. 'வெந்நீர் மூன்று தரம் விடு' என்று ஒரு காட்சி. 'பச்சைத் தண்ணீர் மூன்று தரம் விடு' என்று இன்னொன்று. இவ்வளவோடு விட்டால் வெந்நீர் முழுதும் முதலிலேயே கொட்டிவிடலாம். ஆகவே மூன்றாவது காட்சி: 'ஒன்றை விட்டதும், மற்றதை விடும்வரை அதைத் தடு.' முதல் இரண்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறி விழுகின்றன. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

உடனே 12-வது உத்தரவு எழுதப் பேனாவை எடுத்தேன்.

"நடக்காதும்மா. 'எழுப்பவே கூடாது'ன்னு தடை போட்டுட்டே. புதுசா எதைச் சேர்த்தாலும் தடைதான் ஜெயிக்கும். தடையையே திருத்து."

இப்படி முட்டிக்கொள்கிற இடங்களை, யந்திரத்தை ஓட்டுமுன்பே கம்ப்யூட்டரை விட்டுத் தேடிப் பார்க்கவும் வழி உண்டாம். என் காகிதத்துக்கு அந்த வசதி ஏது? மறுநாள் அந்தப் பெண்ணையே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் நிறுத்தினாள்.

"பாட்டியைக் குளிக்கிற இடத்திலே தனியா விடக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க. அப்போ வாசல் மணி அடிச்சா என்னம்மா செய்யறது?"

"அடிக்கட்டும்" என்று சொல்லி, அதையும் எழுதினேன்.