நாற்காலியைப் பிடித்தவர்கள்

ஜூலை 11
என் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இல்லை. டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை எப்போது, எதுவும் மனதில் நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூலை 12
பிரஷர் இறங்கியிருக்கிறதாம்.

ஜூலை 20
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மகள் மாற்றுத் துணியோடு என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தையும் எடுத்து வந்தாள்: அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் 'ஹியூமன் செயின்'. 2010இல் வெளிவந்தது. அவருடைய இளவயதுக் கவிதைகளை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இதைப் பிரித்ததே இல்லை. 2006 ஆகஸ்டில், டோனகலில், 67 வயதில் ஹீனிக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸில் மனைவி மேரி கூடவே போனார். அந்தப் பயணத்தைக் காதல் கவிதையாக எழுதியிருக்கிறார். குலுங்கும் வண்டியில் இருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்தபடியே போகிறார்கள். அவர் கையை மேரி பிடித்திருக்கிறார். ஹீனிக்கு அது உறைக்கவில்லை.

நர்ஸ் வரும்வரை அழுதேன். எழுதியது படுத்திருந்தவர். அப்படியென்றால் அன்றைக்கு இவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாரா?

ஜூலை 25
அதே கவிதையில் டெல்ஃபியின் வெண்கலத் தேரோட்டி வருகிறான். ஒரு கை இல்லாத சிலை. பிசியோதெரபி நாட்களில் ஹீனி தன்னை அவனாக நினைத்துக்கொள்கிறார். இவரால் இன்று ஒரு விள்ளல் இட்லி பிட்டுத் தின்ன முடியவில்லை. சிலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது! புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6
வீடு.

ஆகஸ்ட் 9
இஸ்திரி போடும் தம்பி துணி கொடுக்க மேலே வந்தார். உட்காரச் சொன்னேன். "அண்ணன் நல்ல கனம்க்கா. ரெண்டாவது மாடித் திருப்பத்துல கை வழுக்கிடுச்சு. விட்டுடுவேனோன்னு பயந்துட்டேன்" என்றார். எங்களுடையது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, துண்டால் கட்டித்தான் இறக்கினார்கள். பின்னால் பிடித்தது இந்தத் தம்பி என்று இன்றுதான் தெரியும். முதுகுப் பிடிப்பு இன்னும் விடவில்லையாம். துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு கவிதை. ஹீனி மாற்கு நற்செய்திக் கதை ஒன்றை எடுக்கிறார். முடக்குவாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். அவன் எழுந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். ஹீனி நடந்தவனை விட்டுவிடுகிறார். சுமந்து வந்தவர்களின் தோளையும், கயிறு உரசிய உள்ளங்கையையும் பார்க்கச் சொல்கிறார். தன்னையும் நண்பர்கள் மாடியிலிருந்து தூக்கி இறக்கியதால் வந்த பார்வை.

தைலம் கொடுத்தனுப்பினேன். கூடப் பிடித்த வாட்ச்மேனையும் எதிர்வீட்டுப் பையனையும் இன்னும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10
மழை. பிசியோ வரவில்லை.

ஆகஸ்ட் 21
இன்று "தண்ணி" என்றார். தெளிவாக! மகளுக்குப் போன் போட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24
தலைப்புக் கவிதையில் நிவாரண ஊழியர்கள் தானிய மூட்டைகளைக் கை மாற்றி அனுப்புகிறார்கள். ஹீனிக்குத் தான் வண்டியில் மூட்டை ஏற்றிய நாட்கள் ஞாபகம் வருகின்றன. மூட்டை கையை விட்டதும் முதுகுக்குக் கிடைக்கிற விடுதலையிலேயே சாவையும் வைத்துவிடுகிறார். அதற்கு மேல் முடியவில்லை. அவர் இறந்தது 2013 ஆகஸ்ட் 30. பக்கவாதத்துக்குப் பிறகு ஏழு வருஷம். எனக்கு ஏழு போதாது.

சாயங்காலம் இவருக்குப் புத்தகத்தின் கடைசிக் கவிதையைத் தமிழில் சொன்னேன். பேத்திக்காக எழுதிய பட்டக் கவிதை. நூல் அறுந்து பட்டம் தன்பாட்டுக்குப் போகிறது. இடது கையை உயர்த்தி ஏதோ காட்டினார். நிறுத்து என்றாரா, இன்னொரு தடவை என்றாரா, புரியவில்லை. கேட்பதற்குள் பிசியோ வந்துவிட்டார்.