பாடு முறையும் பேப்பர் கணக்கும்

இருப்பது ஒரே இடம், கேட்பவர்கள் பல பேர். யாருக்கு எப்போது? கம்ப்யூட்டர் சயின்ஸில் இதற்கு ஷெட்யூலிங் என்று பெயர். பழவேற்காட்டில் 'பாடு'.

ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் அங்கே முறை வைத்துச் சுத்துவலை போடுகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். கிட்டத்தட்ட நம் பாடப்புத்தகத்து ரவுண்ட் ராபின்! முறையே வராமல் ஒரு புரோகிராம் காத்துக் கிடப்பதை அந்தப் புத்தகம் 'ஸ்டார்வேஷன்' என்கிறது. அங்கே அது வெறும் கலைச்சொல். இங்கே முறை வராவிட்டால் நிஜமாகவே உலை கொதிக்காது.

சிக்கலும் உண்டு. பட்டியலில் இருப்பவர்களுக்குள்தான் இந்த நியாயம். பாட்டு உரிமை இல்லாத மீனவர்களும் அதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். தகராறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் உள்ளே வரும் இறாலும் குறையும்.

ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா? கிண்டியிலிருந்து பழவேற்காடு ஒன்றும் வெகுதூரமில்லை. ஆனால் 2016 முதல் வரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் ஆராய்ச்சிப் பகுதியில், வெளியான பேப்பர்களுக்கும் அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதற்கும்தான் பெரும்பங்கு மதிப்பெண். காப்புரிமைக்கும் கொஞ்சம் உண்டு. குப்பத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து, யார் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டு வரும் மாணவருக்கு அதில் தனிக்கட்டம் இல்லை. அதே ஆறு மாதத்தில், பழைய அல்காரிதம் ஒன்றை இரண்டு சதவீதம் வேகமாக்கினால் ஒரு பேப்பர் தேறிவிடும்.