விளம்பரத்திற்கும் வரி

பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பவரின் சிட்டையில் பெறுமதி சேர் வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 2024 ஜனவரி 1ஆம் திகதி அது 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அதே விளம்பரத்தை முகநூலுக்கோ கூகுளுக்கோ கொடுத்தால்? இலங்கையில் அலுவலகமே இல்லாத நிறுவனங்களைப் பதிவு செய்விக்கும் ஏற்பாடு நமது சட்டத்தில் நெடுங்காலம் இருக்கவில்லை. உள்ளூர் அச்சகத்திற்கு ஒரு நீதி, கடல் கடந்த கணினிக்கு இன்னொரு நீதி.

கண்டியில் பத்திரிகைத் தொழில் செய்யும் எனக்கு இது வெறும் கணக்கல்ல. கொழும்பு வீதிப் புடைவைக் கடைகளும் பேராதனைப் பக்கத்து ரியூசன் வகுப்புகளும் எசல பெரஹர காலத்து விடுதிகளும் தந்த விளம்பரத்தில்தான் பிராந்தியச் செய்தியாளரின் படி ஓடியது. இன்று கடைக்காரரின் மகன் கைத்தொலைபேசியிலேயே காரியத்தை முடித்துவிடுகிறான். கட்டுகஸ்தோட்டைப் பெண்களுக்கு மட்டும் காட்டு என்றால் அது காட்டுகிறது. எங்கள் பத்திரிகையோ மட்டக்களப்பு வரை போகிறது! அவர்களை நான் குறை சொல்லேன். (மரண அறிவித்தல்கள் மட்டும் இன்னும் எங்களைக் கைவிடவில்லை.)

2025ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. வெளிநாட்டவர் இணையவழி வழங்கும் சேவைகளுக்கும் 18 சதவீதம். 2025 அக்டோபர் 1 முதல் என்றார்கள். பிறகு 2026 ஏப்ரல் 1 என்று தள்ளிவைத்தார்கள்.

வரவேற்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வரிக்குப் பதிவு செய்த பெரிய வர்த்தகர், தான் செலுத்திய வரியைத் தான் அறவிட்ட வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பதிவு எல்லைக்குக் கீழே உள்ள சிறு கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. 10,000 ரூபா விளம்பரத்தின் மீது விழும் 1,800 ரூபாவும் அவர் தலையிலேயே நிற்கும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2021இல் இணைய விளம்பர வருமானத்திற்கு வரி விதித்தது. அந்த வரியைத் தனிக் கட்டணமாகக் காட்டி வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது என்றும் சொன்னது. அந்தத் தடை பேச்சுரிமைக்கு முரண் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. யார் சுமக்கிறார் என்பதைச் சிட்டையில் சொல்வதும் பேச்சுரிமையே! இந்தியா 2016இல் இணைய விளம்பரத்திற்குக் கொண்டுவந்த 6 சதவீத வரியை 2025 ஏப்ரல் 1இல் கைவிட்டது. அமெரிக்காவின் தீர்வை மிரட்டல் ஓங்கியிருந்த வேளை அது.

என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது வாஷிங்டன் மாநிலம். 2025 அக்டோபர் 1 முதல் விளம்பரச் சேவைகளுக்கு விற்பனை வரியை விரித்த அந்த மாநிலம், பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களை அதிலிருந்து விலக்கியது. நாம் பல்லாண்டுகள் செய்ததற்கு நேர் எதிர். நமது திறைசேரிக்குப் புதிய வரியில் என்ன வந்தாலும், கண்டியில் மூடிய செய்தி அலுவலக அறை ஒன்றுகூட அதனால் திறக்கப் போவதில்லை. அறவிடும் தொகையில் ஒரு சிறு பங்கையாவது பிராந்தியச் செய்தியாளர்களுக்கு ஒதுக்கும்படி கேட்க, எங்கள் சங்கங்கள் இன்னும் ஏன் தயங்குகின்றன?